பொறுக்கியெடுத்த ஒரு கிலோ

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் டைப் அடித்தேன். முதலாளி பாதி வாயாலும் பாதி கையசைப்பாலும் சொல்வதை இங்கிலீஷ் கடிதமாக்கிக் கொடுப்பது என் வேலை. "அந்தாளுக்குக் காப்பி வேணுமா வேண்டாமா, ஒரே பேச்சுல கேளும்மா" என்பார். நான், தங்கள் மேலான விருப்பத்தை அறியக் காத்திருக்கிறோம் என்று அடிப்பேன். அவர் திட்டச் சொன்னால் வருத்தம் தெரிவிப்பேன். வருத்தம் தெரிவிக்கச் சொன்னால் காலில் விழாத குறையாக எழுதுவேன். முதலாளி படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். யார் என்ன சொன்னாலும் அவர்களைவிட நன்றாக அதைச் சொல்ல எனக்குத் தெரியும் என்று ஒரு திமிர் எனக்குள் வளர்ந்தது இப்படித்தான்.

எஸ்டேட் கைமாறி, பங்களா ஓட்டலானபோது எனக்கு வேலை போயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கடை பிடித்து, பழைய டைப்ரைட்டரையும் தவணையில் வாங்கிய ஃபேக்ஸ் மெஷினையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனு, ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் அடித்தேன்.

கரடியூரிலிருந்து ஒரு குடும்பம் என் கடைக்கு வந்து போகும். கணவனும் மனைவியும், இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. அவர்களுடைய பட்டாவில் இருந்த ஒரு சிக்கலுக்கு முன்பு நான் மனு எழுதிக் கொடுத்திருந்தேன். அதிலிருந்து பழக்கம். அவர் பேசாத மனிதர். கேட்டால் பதில் வரும், அதுவும் எண்ணி வைத்த மாதிரி. அந்த அம்மாள் அதற்கும் சேர்த்துப் பேசுவார். ஒவ்வொரு தை மாசமும் ஒரு துணிப்பையில் காப்பிக்கொட்டை கொண்டுவந்து என் மேஜைமேல் வைப்பார். அழகான கொட்டை என்று நினைத்துவிட வேண்டாம். உடைசல், பொடிசு, கறுத்தது, நடுவில் களத்து மண், சமயத்தில் ஒரு சுள்ளி. முதல் வருஷம் எனக்கு முகம் விழுந்துவிட்டது. மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத வாய் எனக்கு.

"ஏனுங்க, நல்லதெல்லாம் வியாபாரிக்கு, கழிச்சது எனக்கா?" என்று கேட்டே விட்டேன்.

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "அய்யோ, அதில்லீங்க அக்கா! எங்கூட்டுல நாங்க குடிக்கறது இதுதானுங்க. ஊட்டு மனுசிக்கு ஊட்டுக் காப்பி. பொறுக்கிப் போடறதுக்கு நீங்க என்ன ஒறம்பரையா?"

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளி. வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் பொறுக்கியெடுத்து, புடைத்து, பார்த்துப் பார்த்துப் போடுவார்கள். வீட்டு ஆட்களுக்கு அந்த மரியாதை கிடையாது. நான் முறத்தில் கொட்டிப் புடைத்து, கல் பொறுக்கி, வறுத்து அரைத்துக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

முன்பெல்லாம் காப்பியை வெளிநாட்டுக்கு விற்க அரசாங்கக் காப்பி வாரியத்தின் வழியாகத்தான் முடியும். அந்தக் கட்டு தளர்ந்து, அவரவர் காப்பியை அவரவர் விற்றுக்கொள்ளலாம் என்று ஆன புதிது. அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. ஜெர்மனியில் கொட்டை வறுத்து விற்கிற ஒருவர் பழைய எஸ்டேட் விலாசத்துக்கு எழுதியிருந்தார். ஓட்டலில் என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். மொத்தம் மூன்று வரி. உங்கள் மலைக் காப்பி வேண்டும். ஒரு கிலோ சாம்பிள் அனுப்பவும். விலை பிறகு.

நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. என்ன மனுஷன் இவன், தந்தி கொடுக்கிறானா, வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு கட்டுகிறானா என்று எரிச்சலாக வந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் இங்கிலீஷில் ஒரு கடிதத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. கரடியூர்க்காரரைக் கூப்பிட்டுப் பேசினேன். அவர் ஊரில் பேசினார். எட்டு வீடு சேர்ந்தார்கள். எல்லாம் சின்னச் சின்னத் தோட்டம். எட்டையும் சேர்த்தால்தான் ஒரு வெளிநாட்டுக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு மூட்டை தேறும்.

டவுனில் அவர்களிடம் வருஷா வருஷம் வாங்குகிற வியாபாரி ஒருவர் உண்டு. அவர் சாம்பிள் கேட்க மாட்டார். களத்துக்கு வந்து குவியலில் கைவிட்டு அள்ளிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஒரு விலை சொல்வார். அதுதான் விலை. இவர்கள் வெளிநாட்டுக்கு விற்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், "போனவிய போனவியதான். திரும்பி எங்கிட்ட மூட்டையத் தூக்கியாந்தா நான் ஆளு இல்ல" என்று சொல்லியனுப்பிவிட்டார். ஆக, ஜெர்மன்காரர் வாங்கினால் உண்டு. இல்லாவிட்டால் எட்டு வீட்டு வருஷ உழைப்பும் மழைக்காலத்தில் மூட்டைக்குள் பூஞ்சணம் பூத்து நாறும். இது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். என் பேச்சை நம்பித்தான் இறங்கினார்கள்.

சாம்பிள் வாங்கிவர நானே கரடியூர் போனேன். களத்தில் சாக்கு விரித்து மூன்று பெண்கள் ஆளுக்கொரு முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரே அளவு, ஒரே நிறம், ஒரு கீறல் இல்லாத கொட்டையாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் புதுத் துணிப்பையில் கட்டி, பையின் வாயில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்கள்.

சாம்பிள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? மூட்டைக்கு மூட்டை குத்தூசியைச் செருகி, உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். எஸ்டேட்டில் நூறு தடவை பார்த்தவள். அவர்கள் விருந்தாளிக்குப் பொறுக்குகிறார்கள் என்பதும் எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. இந்தக் கொட்டையைப் பார்த்தால் எந்தச் சீமைக்காரனும் சொக்கிப்போவான் என்று எனக்கு ஓர் ஆசை. அவர்கள் செய்தது மரியாதை, நான் செய்தது களவு. இன்றைக்குச் சொல்வது சுலபமாக இருக்கிறது.

அந்தக் கிலோ போய்ச் சேர்ந்தது. பதில் இரண்டு வரி. நன்றாக இருக்கிறது. இந்த விலைக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன். விலையைப் படித்துச் சொன்னபோது கரடியூர்க்காரர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். அவரைப் பொறுத்தவரை அது ஆட்டபாட்டம்.

பங்குனியில் கொட்டையை ஆலையில் தோல் நீக்கி மூட்டை பிடித்தோம். கப்பலேற்றும் முன் மூட்டையிலிருந்து இன்னொரு சாம்பிள் வேண்டுமென்று ஜெர்மன்காரர் கேட்டார். இந்தத் தடவை ஆலைக்காரர்கள் எதிரிலேயே நான் குத்தூசி செருகி எடுத்தேன். வேறு வழியில்லை. உள்ளது உள்ளபடி போயிற்று. அதற்குப் பதில் ஒரே வரி. இது அதே காப்பி இல்லை, நேரில் வருகிறேன்.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றெல்லாம் கதை விட மாட்டேன். தூங்கினேன். காலையில் எழுந்ததும் அந்த ஒரு வரியை மறுபடி எடுத்துப் படித்தேன்.

வைகாசியில் வரும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் வந்து சேர்ந்தார். கார் வைத்துக்கொண்டு வருவார் என்று பார்த்தால், சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். கொண்டை ஊசி வளைவுகளில் முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் வந்திருப்பார் போலிருக்கிறது, இறங்கி நின்று காலை உதறிக்கொண்டார். என்னைவிட வயதில் சின்னவர். கை கொடுத்தார். நான் பிரயாணம் சௌகரியமா, வீட்டில் எல்லோரும் நலமா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆம் ஆம் என்று சொல்லிவிட்டு, "களம் எவ்வளவு தூரம்?" என்றார்.

கரடியூரில் சாப்பாடு தயாராக இருந்தது. விடியற்காலையிலேயே கோழி அடித்துக் குழம்பு வைத்து, வாழையிலை அறுத்து, வீட்டுக்கு வீடு பாய் வாங்கி விரித்து வைத்திருந்தார்கள். அந்த மனிதர் பையைக் கீழே வைக்காமல், "முதலில் காப்பி. பிறகு சாப்பாடு" என்றார்.

நான் அதைச் சொன்னதும் அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்க அக்கா, ஊடு தேடி வந்தவிய சோத்துல கை வெக்காம என்ன பேச்சு? எங்கூட்டுச் சோறு ஆகாதாமா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும், "அவிய நாட்டுப் பழக்கம் அதுங்க" என்று மழுப்பினேன். அவர் நாட்டுப் பழக்கத்தை நான் என்ன கண்டேன்!

களத்தில் ஒரு கட்டிலைப் போட்டோம். ஜெர்மன்காரர் பையிலிருந்து இரண்டு பொட்டலம் எடுத்தார். இரண்டு தட்டுக் கேட்டார். ஒன்றில் முதல் சாம்பிளைக் கொட்டினார். அது கோர்த்தெடுத்த பாசிமணி மாதிரி கிடந்தது. மற்றதில் இரண்டாவதைக் கொட்டினார். பெரிசு, சிறிசு, அரை உடைசல், எல்லாம் கலந்து கிடந்தது. எட்டு வீட்டு ஆட்களும் சுற்றி நின்றார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. "ஏன் எனக்கு வேறு கொட்டையை அனுப்பினீர்கள்?" என்று கரடியூர்க்காரரைப் பார்த்து நேராகக் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் இப்படிக் கேட்க மாட்டார்கள். திருடனைக்கூட முதலில் உட்காரச் சொல்லி, மழை எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். நான் கேள்வியைக் கொஞ்சம் வளைத்து, "ரெண்டும் ஒரே மாதிரி இல்லியாமுங்க, ஏன்னு கேக்கறாரு" என்றேன்.

கரடியூர்க்காரர் இரண்டு தட்டையும் பார்த்தார். ஒளிக்க எதுவும் இல்லாதவர் முகம் அது. "ஒறம்பரைக்குப் பொறுக்கித்தானுங்க போடுவோம்" என்றார்.

பின்னாலிருந்து அந்த அம்மாள் சேர்த்துக்கொண்டார். "பொண்ணு பாக்க வந்தா அழுக்குச் சீலையோடயா கொண்டாந்து நிறுத்துவாங்க? நல்லாத்தான் கேக்கறாரு!" பெண்கள் சிரித்தார்கள்.

ஜெர்மன்காரர் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். இதை இப்படியே சொன்னால் இந்த ஆள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், எட்டு வீட்டுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இருபத்திரண்டு வருஷ இங்கிலீஷ் தானாகக் கிளம்பியது. இவர்கள் படிப்பறிவில்லாத எளிய மக்கள் என்றேன். சாம்பிள் என்றால் என்னவென்று அறியார்கள் என்றேன். அறியாமல் பெரும் தவறு நடந்துவிட்டது, மனம் வருந்துகிறார்கள், தாங்கள் பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும், இனி ஒருக்காலும் நடக்காது என்றேன். எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு நன்றாகப் பேசினேன்.

அவர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து காகிதம் எடுத்து, பழைய விலையை அடித்துவிட்டு அதன் கீழே குறைவாக ஒரு விலை எழுதினார். கோபமில்லை, கனிவுமில்லை. "தவறை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. குறைந்த விலையானாலும் அது டவுன் வியாபாரி கொடுப்பதைவிட மேல். காரியம் முடிந்தது, நான் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பிச் சந்தோஷமாகச் சொன்னேன்.

கரடியூர்க்காரர் சந்தோஷப்படவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் நாலு வார்த்த பேசுனனுங்க" என்றார். "நீங்க நாப்பது பேசுனீங்க. மிச்சம் யாருதுங்க?"

"விளக்கிச் சொன்னேனுங்க."

"என்னன்னு?"

எனக்குப் பொய் சொல்ல வரும், இங்கிலீஷில். அவர் முகத்தைப் பார்த்துத் தமிழில் வராது. "தெரியாம நடந்து போச்சு, மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன்" என்றேன்.

"எதுக்கு மன்னிப்பு?"

"மூட்டை விக்க வேண்டாமுங்களா?"

"அப்பறம் இந்த வெலக்கொறப்பு எதுக்கு?" அவர் அந்தக் காகிதத்தை விரலால் தொட்டார். "இது வெலையா, தண்டமா?"

அந்த மலையில் தண்டம் என்பது சாதாரண வார்த்தை இல்லை. தப்புச் செய்தவனுக்கு ஊர் கூடிப் போடுவது அது. கட்டினால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும். பிறகு எந்த வீட்டுக் காரியத்திலும் அவனை முன்னால் நிற்க விட மாட்டார்கள். சுற்றி நின்ற ஏழு வீட்டு ஆட்களும் நெருங்கி வந்து நின்றார்கள்.

"தண்டம்னா வேண்டாமுங்க" என்றார். "மூட்ட இங்கயே கெடந்து மக்கட்டும். திருடுன்னு ஒத்துக்கிட்டு விக்கறதுக்கு எம்பட காப்பி இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டை நான் கொம்பில் பிடித்தால் இவர் வாலைப் பிடிக்கிறாரே என்று கத்தினேன். "உங்களுக்காகத்தானுங்க இத்தன பாடு! நாளைக்கு மழ புடிச்சா ஆரு வந்து வாங்குவா? எம்மேல பழி போடாதீங்க!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அந்த அம்மாள் இப்போது சிரிக்கவில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று ஜெர்மன்காரர் கேட்டார்.

கோபத்தில்தான் சொன்னேன், நேர்மையால் அல்ல. கேட்டுக்கொள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போ என்கிற ஆத்திரத்தில், அவர்கள் பேசியதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் வைத்தேன். விருந்தாளிக்குப் பொறுக்கித்தான் போடுவோம் என்றதை, பெண் பார்க்க வந்தால் அழுக்குப் புடவையா என்றதை, இது விலையா தண்டமா என்றதை. மன்னிப்புக் கேட்டது நான், அவர் இல்லை என்பதையும் சொன்னேன்.

அவர் முதல் தட்டைக் காட்டினார். "இந்த ஒரு கிலோவைப் பொறுக்க எத்தனை நாள்?"

அந்த அம்மாளிடம் கேட்டேன். "மூணு பேரு, ரெண்டு நாளுங்க. நொம்பப் பொடிசெல்லாம் கழிச்சமுங்க."

அவர் முதல் தட்டை எடுத்துத் தன் பையோரமாக வைத்தார். இரண்டாவது தட்டைக் கட்டிலின் நடுவுக்கு இழுத்தார். "இதுவும் நல்ல காப்பிதான். இதை முதலில் காட்டியிருந்தாலும் வாங்கியிருப்பேன். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்" என்றார். பேனாவை எடுத்து, அடித்திருந்த பழைய விலையைப் படிக்க முடியாதபடி மை பூசி மறைத்தார். கீழே இருந்த தொகையைத் தொட்டார். "இது இந்தக் காப்பியின் விலை. யாருக்கும் தண்டனை இல்லை."

தொகை மாறவில்லை, ஒரு காசுகூட. நான் அப்படியே சொன்னேன்.

"வெலைன்னா சரிங்க" என்றார் கரடியூர்க்காரர்.

பிறகு எல்லோரும் இலையில் உட்கார்ந்தோம். ஜெர்மன்காரர் கோழிக்குழம்பை மூக்கில் நீர் வழிய வழியச் சாப்பிட்டு, மறுசோறும் வாங்கினார். முதலிலேயே ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவர் காப்பியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது. சொல்ல வேண்டி வந்தால் என்ன செய்வது?" என்றார். அந்த அம்மாளிடம் அதைச் சொன்னேன். "அட, நம்மளாட்டமே இருக்கறாரே!" என்று இன்னொரு கரண்டி ஊற்றினார்.

மூட்டைகள் மழைக்கு முன்னால் மலையிறங்கிப் போயின. அதன்பின் வருஷா வருஷம் போயின. சாம்பிள் குத்தூசியால் எடுக்கப்பட்டது. கரடியூர்க்காரர் என் கடையில்தான் கடிதம் அடித்தார். முறைத்துக்கொள்ளவில்லை, ஒரு சொல் கடுமையாகச் சொல்லவில்லை. முடித்ததும் ஒரு தடவை தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்வார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க" என்று எழுந்து போவார். நான் என் முதலாளிக்கு அடித்த கடிதங்களில் ஒன்றைக்கூட யாரும் அப்படித் திருப்பிக் கேட்டதில்லை.

அடுத்த தை மாசம் அந்த அம்மாள் வழக்கம்போல வந்தார். வழக்கம்போலச் சிரித்தார், பஸ்ஸில் கூட்டம் என்றார், துணிப்பையை மேஜைமேல் வைத்தார். பை புதிதாக இருந்தது. அவர் போன பிறகு முறத்தை எடுத்துவந்து கொட்டினேன். மண் இல்லை, சுள்ளி இல்லை, ஒரு உடைசல் இல்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். புடைக்க எதுவும் இல்லாததால் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.